புகையில்லாமல் ஒரு கொலை!

எட்வர்ட் உயிரோடு இருந்தபோது இவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்ததே இல்லை.

உதடுகள் சிவப்பு. நகக்கண்கள் சிவப்பு. கன்னத்தில்கூட ஒரு பளபளப்பு...

ஒரே ஒரு குறைதான்.

மூச்சு இல்லை!

கும்மிடிப்பூண்டி சிப்காட். 'நீலத்திரை மரைன்' கம்பெனி. பன்னிரண்டடிக்குப் பத்தடியில் ஒரு சோதனை அறை. நடுவில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் விளிம்பில், மீன்பிடிப் படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின் ஒன்று.

கதவோரம் குப்புறக் கிடந்தார் எட்வர்ட். அந்த இன்ஜினை உருவாக்கிய இன்ஜினியர். வயது முப்பத்தாறு.

காலை எட்டே முக்கால் மணி.

இன்ஸ்பெக்டர் ஜோதிலட்சுமி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

எந்த வாசனையும் இல்லை.

"முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான் மேடம்..."

கம்பெனி முதலாளி மோகன்ராஜ் முன்னால் வந்தார். கதர்ச் சட்டை. மூங்கில் பட்டை போட்ட கைக்கடிகாரம். தண்ணீர் குடிப்பதுகூட செம்பு பாட்டிலில்தான். பிளாஸ்டிக்கைக் கண்டால் பாம்பைக் கண்டது போல் விலகுகிற மனிதர்.

"எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"எட்டு பத்துக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு பழவேற்காட்டுல இன்ஜின் அறிமுக விழா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாமேன்னு சும்மா வந்தேன். கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தா... எட்வர்ட்! கதவைத் திறந்து உள்ளே போனேன். எனக்கே தலை கிர்ருன்னு சுத்திருச்சு. வெளியே ஓடி வந்து ஆளுங்களைக் கூப்பிட்டேன்!"

"சும்மா வந்தீங்க?"

"சும்மாதான் மேடம்!"

அவருடைய வலது கை சட்டைப் பையிலிருந்த செல்போனை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது.

ஜோதிலட்சுமி அதைக் கவனித்தாள்.

"இது என்ன இன்ஜின் சார்?"

காலடியில் ஒரு பிணம் கிடப்பதையும் மறந்து மோகன்ராஜின் முகம் மலர்ந்தது.

"எத்தனால்ல ஓடற இன்ஜின் மேடம்! கரும்புல இருந்தும் உடைஞ்ச அரிசியில இருந்தும் எடுக்கற எரிபொருள்! மண்ணெண்ணெய் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். புகை கிடையாது! நாத்தம் கிடையாது! ஏரியில ஒரு சொட்டு எண்ணெய் மிதக்காது!"

"ஆள் செத்துக் கெடக்கிறாரே சார்..." என்று முணுமுணுத்தார் பக்கத்தில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் சின்னராசு.

ஜோதிலட்சுமி அவரை முறைத்துவிட்டு அறைக்குள் நுழைந்தாள்.

இன்ஜினின் புகையை வெளியே கொண்டுபோகிற தடித்த குழாய் சுவரிலிருந்து கழற்றப்பட்டிருந்தது.

இன்ஜின் ஓடவில்லை. அதன் சுவிட்ச் அணைந்திருந்தது.

சுவரில் மாட்டியிருந்த, விஷவாயு வந்தால் அலறுகிற கருவி திறந்து கிடந்தது. உள்ளே பேட்டரி இல்லை!

கதவைப் பார்த்தாள். ஸ்பிரிங் வைத்த, தானாக மூடிக்கொள்கிற கனமான கதவு. வெளிப்பக்கம் கைப்பிடி இருந்தது.

உள்பக்கம்...

கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஸ்குரூ ஓட்டைகள் மட்டும்!

அதற்குக் கீழே பெயிண்டில் கீறல்கள். நகத்தால் கீறிய கீறல்கள். ஒரு கீறலின் முடிவில் ரத்தம் காய்ந்திருந்தது.



"கத்தியிருப்பாரே. வெளியே ஒருத்தருக்கும் கேக்கலையா?"

"கேக்காது மேடம்," என்றார் மோகன்ராஜ். "சத்தம் வெளியே வராத ரூம். ஒலி மாசு கூடாதுன்னு நான்தான் பஞ்சு வெச்சுக் கட்டச் சொன்னேன்."

"போன்?"

"எரிபொருள் இருக்கற ரூமுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது. அது எங்க பாதுகாப்பு விதி. அவர் போன் வெளியே மேஜை மேலதான் இருக்கு."

ஒரு மனிதனைச் சாகடிக்க எத்தனை நல்ல விதிகள்!

"சின்னராசு..."

"மேடம்?"

"இது விபத்து இல்ல. கொலை!"

*

மதியம் பன்னிரண்டு மணி. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் சுமலதா போனில் வந்தாள்.

"கார்பன் மோனாக்சைடு, ஜோதி. ரத்தம் பூரா அதுதான். உதடும் நகமும் அவ்ளோ சிவப்பா இருந்ததும் அதாலதான். ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவுல உயிர் போயிருக்கு."

"டாக்டர், அது புகையே வராத இன்ஜினாம்!"

"கண்ணுக்குத் தெரியற புகை வராது. இது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அடைச்ச ரூம்ல எந்த இன்ஜினை ஓட்டினாலும் இது சேரும். அரை மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்தினாப் போதும். அப்புறம் உள்ளே போறவன் ரெண்டு நிமிஷத்துல சுருண்டுடுவான்."

"அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதா?"

"பழைய மண்ணெண்ணெய் இன்ஜினா இருந்தா நாத்தத்துக்கே வாசல்லயே இருமிக்கிட்டு ஓடியிருப்பாங்க. இது ரொம்பச் சுத்தமான இன்ஜின். யார் போனாலும் தெரியாம மாட்டிக்க வேண்டியதுதான்!"

போனை வைத்தாள்.

சின்னராசு அவசரமாக உள்ளே வந்தார்.

"மேடம், ஆள் கெடைச்சுட்டான்! பழவேற்காட்டுக்காரன், தானியேல்னு பேரு. போட் வெச்சிக்கினு மீன் புடிக்கிறான். முந்தாநேத்து கம்பெனி கேட்டாண்ட வந்து எட்வர்டைப் புடிச்சு உலுக்கி, 'இன்ஜின் மேல வெச்ச கையை வெட்டிடுவேன்'னு கத்திக்கிறான்! செக்யூரிட்டி கண்ணால பாத்துக்கிறாரு!"

"எங்க இருக்கான்?"

"தோ, வெளிய. கூட்டிக்கினு வந்துட்டேன்!"

தானியேல் கருத்து உயர்ந்த மனிதன். வெயிலில் வெளுத்த தலைமுடி. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"எட்வர்டை மிரட்டினியா?"

"மிரட்டினேன் மேடம். பொய் சொல்ல மாட்டேன்."

"ஏன்? அந்த இன்ஜின் நடுக்கடல்ல நின்னு போச்சா?"

தானியேல் நிமிர்ந்தான். முகத்தில் கோபம்!

"யாரு மேடம் சொன்னது? அது தங்கம் மேடம்! ஆறு மாசம் ட்ரையல் ஓட்டச் சொல்லி எங்கையில குடுத்தாங்க. ஒரு நாள் நின்னது கெடையாது. மின்ன எல்லாம் மண்ணெண்ணெய்ப் பொகையில ஊட்டுக்கு வந்து சோறு துன்ன முடியாது. புடிச்ச மீன்லயும் அதே வாடை. வாங்கறவங்க மோந்து பாத்துட்டு வெச்சிட்டுப் போவாங்க. இந்த இன்ஜின் வந்தப்புறம்தான் மேடம், மீன் மீனாட்டம் இருந்துச்சு!"

"அப்புறம் எதுக்குச் சண்டை?"

"திருப்பிக் குடுன்னு வந்து கழட்டிக்கினு பூட்டாரு! அதான் கம்பெனியாண்ட போயி கத்தினேன். இன்னா பேஜாரு இது, குடுத்துட்டு புடுங்கறீங்களேன்னு!"

"எதுக்குக் கழட்டினாராம்?"

"ஸ்டிக்கர் ஒட்டணுமாம்."

"என்ன ஸ்டிக்கர்?"

"மோகன்ராஜ் சார் பேரு, மேடம். இன்ஜினுக்கு 'மோகன்'னு பேரு வெச்சிக்கிறாங்களாம். அதைக் கண்டுபுடிச்சதும் அவருதான்னு கெவருமெண்ட்ல எழுதி வாங்கிட்டாராம். எட்வர்ட் சார் இன்ஜினைக் கழட்டச் சொல்லோ எங்கிட்ட சொன்னாரு... 'தானியேலு, ஏழு வருசம் என் புள்ளையாட்டம் வளத்தேன். நாளைக்கு என் கையாலயே வேற ஒருத்தன் பேரை ஒட்டப் போறேன்'னு. சொல்லிட்டு அழுதாரு மேடம். நான் கத்தினது தப்புதான். ஆனா அந்த மனுசனை நான் எதுக்குக் கொல்லப் போறேன்?"

ஜோதிலட்சுமி சின்னராசுவைப் பார்த்தாள்.

சின்னராசு மின்விசிறியைப் பார்த்தார்.

"நாஷ்டா சாப்ட்டியா?"

"இல்ல மேடம்..."

"சின்னராசு, இவருக்குச் சாப்பாடு வாங்கிக் குடுத்து, நீங்களே பஸ் ஏத்தி விடுங்க!"

*

மூன்று மணிக்கு எட்வர்டின் செல்போன் வாயைத் திறந்தது.

நேற்றிரவு ஒன்பது மணிக்கு அதிலிருந்து மோகன்ராஜுக்கு ஒரு செய்தி போயிருந்தது.

'சார், இன்ஜினில் ஒரு குறை இருக்கிறது. விழாவுக்கு முன்னால் நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். காலை ஏழரைக்குத் தனியாக வாருங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள்.'

மோகன்ராஜின் பதில் ஒரே வார்த்தை.

'வருகிறேன்.'

"சும்மா வந்தேன்னாரே மேடம்!" என்று குதித்தார் சின்னராசு. "பொய்! கம்பெனிக்குப் பின்கேட்டு ஒண்ணு கீது. அது அந்தாளு கைரேகைக்கு மட்டும்தான் தொறக்கும். யாருக்கும் தெரியாம வந்துட்டுப் பூடலாம்!"

"வண்டியை எடுங்க!"

பழவேற்காடு ஏரிக்கரை. வாழைமரங்கள் கட்டிய மேடை. மேடை முழுக்கத் துணியில் எழுதிய பேனர்கள். 'சுத்தமான ஏரி! சுத்தமான எரிபொருள்! சுத்தமான கரங்கள்!'

மோகன்ராஜ் மைக் பிடித்திருந்தார். காலையில் ஊழியர் செத்துப்போனதற்கு விழா ஒன்றும் நிற்கவில்லை. ஒரு நிமிட மௌனம் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது.

"...தம்பி எட்வர்ட் எனக்கு உதவியாளராக இருந்தவர். என்னுடைய கண்டுபிடிப்புக்குத் தோள் கொடுத்தவர்..."

ஜோதிலட்சுமி மேடையேறினாள்.

"மோகன்ராஜ் சார், மைக்கைக் கீழே வைங்க."

"மேடம், ரெண்டே நிமிஷம். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிட்டு..."

"நேத்து ராத்திரி எட்வர்ட் அனுப்பின மெசேஜை என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

மைக் இன்னும் அணைக்கப்படவில்லை!

கேள்வி ஏரி முழுக்க எதிரொலித்தது. கரையோரம் இருந்த கொக்குகள்கூட எழுந்து பறந்தன.

மோகன்ராஜின் முகம் வெளுத்தது.

"இ... இன்ஜின்ல குறைன்னு எழுதியிருந்தான் மேடம்! விழா நாள்ல அது வெளியே தெரிஞ்சா என் மானம் போயிரும்! அதான் அழிச்சேன். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல! நான் ஏழரைக்குப் போகவே இல்ல! எட்டு மணிக்குத்தான் போனேன்!"

"ஏன் லேட்?"

மோகன்ராஜ் தலையைக் குனிந்தார். கொலைப் பழியைவிட இதைச் சொல்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"என் எலெக்ட்ரிக் கார்... வழியில சார்ஜ் இல்லாம நின்னுருச்சு மேடம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"நல்ல கதை. மீதியை ஸ்டேஷன்ல சொல்லுங்க!"

*

மறுநாள் காலை.

அந்தக் கதை உண்மை என்று தெரிந்தது.

சோழவரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். அதன் வாசலில் கார் சார்ஜ் போடுகிற இடம். ஓட்டல் கேமராவில் மோகன்ராஜ் ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தார். அங்கிருந்து கம்பெனிக்கு அரை மணி நேர ஓட்டம். இரண்டு இட்லி, ஒரு வடை, இரண்டு காபி. கொலையாளிக்கு உண்டான எந்த அவசரமும் அந்த முகத்தில் இல்லை.

"போச்சு மேடம்!" சின்னராசு நெற்றியைத் தேய்த்தார். "இவரும் இல்லன்னா வேற யாரு?"

வாசலில் நிழலாடியது.

கறுப்புச் சேலையில் ஒரு பெண். எட்வர்டின் மனைவி விக்டோரியா. நேற்று ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இப்போது கையில் ஒரு சாப்பாட்டுப் பை.

"மேடம்... இவரோட பை. கம்பெனியில அவர் மேஜைக்குக் கீழ இருந்ததுன்னு நேத்து சாயங்காலம் குடுத்தனுப்பினாங்க. டிபன் பாக்ஸைக் கழுவலாம்னு எடுத்தேன். சாப்பாடு அப்படியே இருந்துச்சு. அதுக்கு அடியில..."

பையைக் கவிழ்த்தாள்.

ஒரு ஸ்குரூடிரைவர்.

இரண்டு சிறிய பேட்டரிகள்.

நான்கு ஸ்குரூக்கள்.

ஒரு கதவுக் கைப்பிடி!

"கொன்னவன் இதை அவர் பையிலயே போட்டு வெச்சிருக்கான் மேடம்," விக்டோரியாவின் குரல் உடைந்தது. "எவ்ளோ நெஞ்சழுத்தம் பாருங்க! அவன் யாருன்னு கண்டுபுடிச்சுக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஜோதிலட்சுமி கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விக்டோரியா... நேத்து காலையில அவர் எத்தனை மணிக்குக் கிளம்பினாரு?"

"அஞ்சரைக்கு. கெளம்பச் சொல்லோ வாசல்ல நின்னு ஜெபம் பண்ணாரு. எப்பவும் பண்ண மாட்டாரு. இன்னாங்க புதுசா இருக்குதேன்னு கேட்டேன். 'இன்னியோட எல்லாம் சரியாயிடும் விக்டோரியா'ன்னாரு."

ஜோதிலட்சுமி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

"நீங்க வீட்டுக்குப் போங்க. நானே நேர்ல வந்து சொல்றேன்."

அவள் போகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"சின்னராசு! குழாயைக் கழட்டினது, கைப்பிடியைக் கழட்டினது, அலாரத்துல பேட்டரியை உருவினது... எல்லாம் எட்வர்ட்தான்!"

"இன்னா மேடம் சொல்றீங்க? தற்கொலையா?"

"தற்கொலை பண்ணிக்கறவன் கதவை எதுக்குக் கீறணும்? அது மோகன்ராஜுக்காக வெச்ச பொறி! அரை மணி நேரம் இன்ஜினை ஓட்டி ரூமை நிரப்பணும். ஏழரைக்குள்ள நிறுத்திடணும். சத்தம் இல்லை, புகை இல்லை, வாசனை இல்லை. மோகன்ராஜ் நிம்மதியா உள்ளே போவாரு. பின்னாலயே கதவு மூடிக்கும். செத்தப்புறம் எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டா அது விபத்து!"

"செரி மேடம். அப்போ எட்வர்ட் ஏன் உள்ள பூந்தாரு?"

"இன்ஜினை நிறுத்த. பத்து செகண்ட் வேலை. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடியிருப்பாரு. கதவு மூடிக்காம இருக்க ஏதாவது முட்டுக் குடுத்துட்டுத்தான் போயிருப்பாரு!"

"அந்த முட்டு எங்க போச்சு?"

ஜோதிலட்சுமி தொப்பியை எடுத்தாள்.

"அதைத்தான் கேக்கப் போறோம்!"

*

சோதனை அறைக் கதவுக்கு எதிரே துடைப்பத்தோடு நின்றிருந்தாள் பூவம்மாள். காலை ஆறு மணியிலிருந்து அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவள். காதில் செல்போன் பாட்டுக்கான ஒயர் தொங்கியது.

"பூவம்மா, நேத்து காலையில இந்தப் பக்கம் வந்தீங்களா?"

"வந்தேனே! ஏழு, ஏழே கால் இருக்கும்."

"இந்தக் கதவு எப்படி இருந்துச்சு?"

"தொறந்து கெடந்துச்சு மேடம்! எண்ணெய் கேனை முட்டுக் குடுத்து 'ஆ'ன்னு தொறந்து வெச்சிக்கிறாங்க. உள்ள ஏசி ஓடுது. தொட்டி மறைச்சதுல ஆளு யாரும் தெரியலை. கரண்டு வீணாப் போவுதுல்ல?"

"நீங்க என்ன பண்ணீங்க?"

பூவம்மாள் பெருமையாகக் கதவின் மேல்பக்கத்தைக் காட்டினாள். மோகன்ராஜின் கையெழுத்தோடு ஒரு பலகை. 'கதவைத் திறந்து வைக்காதீர்! சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் பூமிக்கு நாம் செய்யும் தொண்டு!'

"கேனை நவுத்தி வெச்சேன். கதவு தானா மூடிக்கிச்சு. நான் பாட்டுக் கேட்டுக்கினே அந்தாண்ட பூட்டேன். போன மாசம்தான் எனக்கு மோகன்ராஜ் சார் பரிசு குடுத்தாரு மேடம், கரண்டை மிச்சம் பண்ணதுக்கு!"

"இதை நேத்தே ஏம்மா சொல்லலை?"

"என்னை யாருமே கேக்கலியே..."

சின்னராசு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

பூவம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். அந்தக் கீறல்களைப் பற்றி கம்பெனி முழுக்க நேற்றே பேசியிருந்தார்கள்.

துடைப்பம் கையிலிருந்து நழுவியது.

"எம்மா... அப்ப எட்வர்ட் சாரு... உள்ள இருந்தாரா? நானா...?"

"பூவம்மா! இங்க பாருங்க." ஜோதிலட்சுமி அவள் இரண்டு தோள்களையும் பிடித்தாள். "நீங்க மூடலைன்னா, கொஞ்ச நேரத்துல அதே கதவு வேற ஒருத்தர் மேல மூடியிருக்கும். உள்ளே ஆள் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க உங்க வேலையைத்தான் செஞ்சீங்க. புரியுதா?"

பூவம்மாள் தலையை ஆட்டினாள். கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

*

பகல் ஒரு மணி. ஸ்டேஷன்.

மோகன்ராஜ் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். கதர்ச் சட்டை கசங்கியிருந்தது. முகத்தில் வியர்வை.

"எ... என்னையா? எட்வர்டா? என்னைக் கொல்லவா?"

"ஆமா சார். அந்தப் பொறி உங்களுக்காகத்தான்!"

"கடவுளே... ஏழரைக்குச் சரியா வந்திருந்தா நான் செத்திருப்பேன்!"

"இல்ல சார்." ஜோதிலட்சுமி பேனாவை மூடினாள். "ஏழே காலுக்கே அவர் உள்ளே மாட்டிக்கிட்டாரு. நீங்க சொன்ன நேரத்துக்கு வந்து கதவைத் திறந்திருந்தா... ஒருவேளை அவர் பிழைச்சிருப்பாரு. உங்களைக் கொல்ல வந்தவரை நீங்களே காப்பாத்தியிருப்பீங்க!"



மோகன்ராஜ் மேஜைமேல் கிடந்த விளம்பரக் காகிதத்தை எடுத்தார். 'மோகன்' என்று பச்சை எழுத்தில் கொட்டையாக அச்சடித்திருந்தது. அதை நாலாக மடித்துக் கிழித்தார்.

"தப்பு என் மேலதான் மேடம். அது அவன் இன்ஜின். காகிதத்துல எல்லாம் அவன் பேரையே மாத்தி எழுதிடறேன். விக்டோரியாவுக்குச் சேர வேண்டியது சேரட்டும். இன்ஜினுக்கும் 'எட்வர்ட்'னே பேர் வெச்சுடறேன். சரியா மேடம்?"

"தாராளமா வைங்க சார்," என்றாள் ஜோதிலட்சுமி, ஃபைலைக் கட்டிக்கொண்டே.

"ஆனா அந்த ரூமுக்கு மட்டும் உங்க பேரையே வெச்சுடுங்க. அவர் அதை உங்களுக்குத்தான் புக் பண்ணியிருந்தாரு!"